பின்னமும் தசமமும்: எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 3, 4, 5-ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களும், அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் சிறப்பாசிரியர். பார்வைக் குறைவு, காது கேளாமை, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று வெவ்வேறு தேவையுள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் வகுப்புகளுக்குப் போய்வருகிறேன். அந்த வகுப்புகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

பின்னத்தை எதிலிருந்து தொடங்குவது? வட்டம் போட்டு நிழலடித்த படத்திலிருந்தா?

பங்கு போடுவதிலிருந்து தொடங்குங்கள். நாலு பேர், மூன்று தோசை, எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பேப்பரை வட்டமாக வெட்டிக் கொடுத்தால் போதும். சிலர் ஒவ்வொரு தோசையையும் நாலாக வெட்டுவார்கள். சிலர் இரண்டு தோசையைப் பாதியாக்கி ஆளுக்கு ஒரு பாதி கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஒன்றை நாலாக்குவார்கள். முதல் பிள்ளைக்குக் கால், கால், கால். இரண்டாவது பிள்ளைக்கு அரையும் காலும். இரண்டும் ஒரே அளவா என்று வகுப்பைக் கேளுங்கள். முக்கால் என்ற எண்ணை நீங்கள் எழுதிக் காட்டுவதற்கு முன்பே அவர்கள் கையால் செய்து முடித்திருப்பார்கள்.

காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. நெத்திலியைக் கூறு கட்டி விற்பதைத் தினமும் பார்க்கிறார்கள். கூறில் மீனை யாரும் எண்ணுவதில்லை. ஒன்றில் சின்ன மீன் நிறைய இருக்கும், இன்னொன்றில் பெரிய மீன் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் அளவு சமம் என்றுதான் விற்கிறார்கள். சமம் என்றால் ஒரே வடிவமாக இருக்க வேண்டியதில்லை என்பது இங்கிருந்தே வந்துவிடும். ஒரு சதுரத்தைக் குறுக்காக வெட்டினாலும் பட்டை பட்டையாக வெட்டினாலும் கால் கால்தான் என்பதை ஏற்க மறுக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாக உதவுகிறது.

அப்புறம் ஒரு கேள்வியை எப்போதும் வாயில் வைத்திருங்கள்: "எதில் பாதி?" பெரிய பிஸ்கட் பாக்கெட்டில் பாதியும் சின்ன பாக்கெட்டில் பாதியும் ஒன்றல்ல. முழுசு எது என்று சொல்லாமல் பின்னம் பேசினால், பின்னால் எல்லாமே ஆடும்.

1/8 தான் 1/4-ஐவிடப் பெரிது என்று பாதி வகுப்பு சொல்கிறது. கவனம் இல்லையா?

கவனம் இருக்கிறது. இரண்டு மூன்று வருடங்களாக 8 என்றால் 4-ஐவிடப் பெரிது என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? அதை நம்பித்தான் சொல்கிறார்கள். தப்பு என்று சிவப்புக் கோடு போட்டால், விதியை மாற்றி மனப்பாடம் செய்வார்கள். "கீழே பெரிசு இருந்தா சின்னது" என்று ஒரு பையன் எனக்கு ஒப்பித்தான். அவனிடம் 3/8, 1/4 இரண்டையும் காட்டினேன். 1/4 பெரிது என்றான். புது விதியும் அவனை அங்கேயே கொண்டுபோய்த் தள்ளியது.

அதனால் 24 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். 24-ஐ ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3, பன்னிரண்டில் ஒன்று 2 என்று எல்லாம் முழு சென்டிமீட்டரில் விழும். 3/8 என்பது 9 சென்டிமீட்டர், 1/4 என்பது 6. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்துவிடுவார்கள். நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வட்டம் நல்லதா, பட்டை நல்லதா?

பட்டை. வட்டத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ சமமாக வெட்டப் பெரியவர்களுக்கே கை வராது. பட்டையை நீட்டி வைத்தால் அதுவே எண்கோடு. வட்டம் அங்கே போய்ச் சேராது.

என் வகுப்பில் பார்வை குறைந்த பெண் ஒருத்தி, ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன், காது கேளாத பையன் ஒருவன். நான் ஒரே ஆள். எப்படிச் சமாளிப்பது?

இதுதான் எல்லோரும் கேட்பது, கேட்க வேண்டியதும் கூட. என் பதில்: பாடம் ஒன்றே, பொருளை மட்டும் எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி செய்யுங்கள். தனியாக மூலையில் உட்காரவைத்து, மற்றவர்கள் பின்னம் செய்யும்போது இந்தப் பிள்ளைக்குக் கலர் அடிக்கக் கொடுப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளையும் கணக்குப் படிக்கத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறது.

பார்வை குறைந்த பெண்ணுக்கு மஞ்சள் சார்ட்டில் தடித்த கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுக் கொடுங்கள். பார்வையே இல்லையென்றால் மடிப்புக் கோட்டின்மேல் தையல் நூலை ஒட்டுங்கள், எடுக்கும் பகுதியில் உப்புத்தாளை ஒட்டுங்கள். விரலால் தடவினால் நாலு கட்டம், அதில் மூன்று சொரசொரப்பு என்று தெரியும். முக்கால்.

காது கேளாத பையன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் அந்த வாக்கியம் அவனுக்கு இல்லை. எழுதி முடியுங்கள், திரும்புங்கள், அப்புறம் பேசுங்கள். அவன் பட்டையை மடிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள், ஒரே நேரத்தில் கையையும் உங்கள் முகத்தையும் அவனால் பார்க்க முடியாது. அரை, கால், மூன்றில் ஒன்று ஆகியவற்றுக்குச் சைகைகளை அவனிடமிருந்தே வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளட்டும்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு முழுசாக இருப்பதை உடைப்பதே தாங்க முடியாது. பிஸ்கட்டை நீங்கள் பாதியாக உடைத்ததும் அழுகை வந்தால் அது பிடிவாதம் இல்லை. உடைக்காமல் மடிக்கிற பொருளைக் கொடுங்கள், விரித்தால் மறுபடி முழுசாகிவிடும். முதலில் மடிப்போம், அடுத்து எழுதுவோம், கடைசியில் கயிற்றில் மாட்டுவோம் (கயிற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) என்று வரிசையைப் படமாகப் பலகை ஓரத்தில் வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்குப் பட்டை விநியோகம், கயிறு கட்டுவது போன்ற வேலை கொடுங்கள். மூளை முடக்குவாதத்தால் கை ஒத்துழைக்காத பிள்ளைக்குத் தடித்த அட்டை வேண்டும். பக்கத்துப் பிள்ளை மடிக்கட்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று இவள் சொல்லட்டும். யோசிப்பது அவள், கை மட்டும் கடன்.

இதில் ஒரு பொருளும் ஒரு பிள்ளைக்கு மட்டும் பயன்பட்டு நின்றதில்லை. நூல் ஒட்டிய பட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பட்டை சரி. "18-இல் மூன்றில் ஒன்று" மாதிரிக் கணக்குக்கு?

கேரம் காய்! வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு உண்டா? கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு ஒன்று, மொத்தம் 19. சிவப்பை எடுத்து வைத்துவிட்டால் 18. அதில் அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எல்லாம் மீதி இல்லாமல் வரும். கால் வராது, அதையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். நாலரைக் காயை என்ன செய்வது என்று அவர்களே சண்டை போடுவார்கள், அந்தச் சண்டை நல்லது.

பார்வையில்லாத பிள்ளை இருந்தால் கறுப்புக் காய் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள். தொட்டதுமே நிறம் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். பட்டையில் ஒன்று என்பது ஒரே பொருள். இங்கே 18 காய் சேர்ந்ததுதான் ஒன்று. காய்களை ஒரு தட்டில் வைத்து, "இந்தத் தட்டு முழுசும் சேர்ந்தது ஒன்று" என்று தட்டைத் தொட்டுக் காட்டிய பிறகு கேள்வி கேளுங்கள்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறோம். பின்னத்துக்கும் அப்படியே பிரிக்கலாமா?

அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் தமிழ்நாடு அரசின் அந்தத் திட்டம் 2022-இல் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டே 4, 5-க்கும் வந்தது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து சொல்லித்தர வேண்டும் என்ற அதன் அடிப்படையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பின்னத்தின் முதல் சில நாட்களில் பிரிக்காதீர்கள். மூன்று இலக்கக் கழித்தல் வராத பிள்ளை பங்கு போடுவதில் வகுப்புக்கே வழிகாட்டும். பெருக்கல் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்த பிள்ளை பட்டையை மூன்றாக மடிக்கத் தெரியாமல் முழிக்கும். கலந்து உட்காரவையுங்கள். எழுத்தில் கணக்குப் போடும் கட்டம் வந்த பிறகு வேண்டுமானால் பிரியுங்கள்.

தசமத்தை எப்படி ஆரம்பிப்பது? புள்ளி வந்தாலே பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

மீன் கடையிலும் மளிகைக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறதே, அதிலிருந்து. கால் கிலோ வைத்தால் 0.250, அரைக் கிலோவுக்கு 0.500, முக்கால் கிலோவுக்கு 0.750, ஒன்றேகால் கிலோவுக்கு 1.250. இந்த எண்களைப் பிள்ளைகள் ஏற்கனவே பார்த்திருக்கிறார்கள். கால், அரை, முக்கால், ஒன்றேகால் எல்லாம் பள்ளிக்கு வருமுன்பே வாயில் இருப்பவை. இரண்டையும் சேர்த்து வைப்பது மட்டும்தான் நம் வேலை.

அதில் ஓர் அபாயமும் உண்டு. "புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறது கிராம்" என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அப்படியானால் 0.5 கிலோ என்றால் 5 கிராமா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். எனவே தராசு அறிமுகத்துக்கு. உட்பொருளுக்கு இஞ்ச் டேப்.

தையற்காரர் வைத்திருக்கும் டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்புங்கள். 100 சென்டிமீட்டர்தான் நம் முழுசு, ஒரு மீட்டர். அதைப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 10 சென்டி, அது 0.1. அதை மறுபடி பத்தாகப் பிரித்தால் ஒரு சென்டி, அது 0.01. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் ஜாக்கெட் பிட்டு 80 சென்டி வாங்குகிறார்களே, அது 0.8 மீட்டரா 0.80 மீட்டரா? எட்டுப் பத்துகளாக அளந்தாலும் எண்பது ஒன்றுகளாக அளந்தாலும் விரல் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கடைசியில் பூஜ்ஜியம் சேர்த்தால் ஏன் மாறாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்புறம், 0.35-ஐ "பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து" என்று வாசிக்கவிடாதீர்கள். "மூன்று ஐந்து" என்று இலக்கம் இலக்கமாக வாசிக்கவையுங்கள். முப்பத்தைந்து என்று காதில் விழுந்துவிட்டால் 0.4-ஐவிட அது பெரிதாகத்தான் தோன்றும்.

0.35, 0.4 எது பெரிது என்று கேட்டுச் சரியாகச் சொல்லிவிட்டால், புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சில பிள்ளைகள் "நீளமா இருந்தா சின்னது" என்று நினைத்து 0.4 என்று சரியான விடையைச் சொல்லிவிடும். 0.2, 0.75 என்ற ஜோடியையும் கேளுங்கள். அதே பிள்ளை 0.2 பெரிது என்று சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். முதல் ஜோடியில் நீளமான எண் சின்னது, இரண்டாவது ஜோடியில் நீளமான எண் பெரிது. இரண்டையும் சரியாகச் சொன்னால், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே போங்கள்.

ரூபாய், பைசாவை வைத்துச் சொல்லித்தந்தால் சுலபம் இல்லையா?

நமக்குச் சுலபம். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 பைசா என்று மாறியது. பிள்ளைகளின் பாட்டிகள் இன்னும் நாலணா, எட்டணா என்பார்கள். ஆனால் 25 பைசா 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது, 50 பைசாவைப் பிள்ளைகள் பார்ப்பதே அரிது. கையில் தொடாத பைசாவை வைத்து எதைப் புரியவைப்பது? இன்னொரு தொல்லை, 12.50 என்பதைப் பிள்ளைகள் பன்னிரண்டு ரூபாய், ஐம்பது பைசா என்று இரண்டு தனி எண்ணாகத்தான் பார்க்கிறார்கள். புள்ளி வெறும் வேலி ஆகிவிடுகிறது. பணத்தைக் கடைசியில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட மெட்ரோ உதவும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையான பாதை 2021 பிப்ரவரியில் திறந்தது, நீளம் சுமார் 9.05 கிலோமீட்டர். இதை 9.5 என்று எழுதினால் என்ன ஆகும்? 0.05 கிலோமீட்டர் என்பது 50 மீட்டர், 0.5 என்பது 500 மீட்டர். 50 மீட்டரைப் பள்ளி மைதானத்தில் நடந்து காட்டிவிடலாம். 500 மீட்டர் நடந்தால் அடுத்த தெருவையும் தாண்டிவிடுவோம். நடுவில் இருக்கும் பூஜ்ஜியம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகள் காலாலேயே உணர்ந்துவிடுவார்கள்.

பின்னமும் தசமமும் ஒன்றுதான் என்று எப்போது சொல்வது?

சொல்லாதீர்கள், மாட்டவையுங்கள். வகுப்பின் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குக் கயிறு கட்டுங்கள். ஒரு முனையில் 0, இன்னொரு முனையில் 1. துணிக் கிளிப்பும் எண் அட்டைகளும் வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கட்டுங்கள். 1/2 மாட்டியாயிற்று. 2/4 எங்கே? 0.5 எங்கே? 0.50? ஒரே இடத்தில் நாலு அட்டை தொங்கும்போது வகுப்பே கேட்கும். கயிற்றை மாதக்கணக்கில் அவிழ்க்காதீர்கள்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். மீச்சிறு பொதுமடங்கு விதியை நாலாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாமா?

முதலில் 24 சென்டிமீட்டர் பட்டையை எடுக்கச் சொல்லுங்கள். அரை 12, மூன்றில் ஒன்று 8, சேர்த்தால் 20. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, விடை பாதியைவிடக் குறைந்துபோகுமா? 2/5 பாதிக்கும் குறைவுதானே? இந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலானோர் தங்கள் விடையைத் தாங்களே அழித்துவிடுவார்கள். 20 சென்டிமீட்டர் என்பது ஆறில் ஐந்து பங்கு என்பதையும் 4 சென்டித் துண்டுகளை அடுக்கிக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பொதுமடங்கைச் சொன்னால், தாங்கள் செய்ததற்குச் சுருக்கு வழி என்று புரியும். விதியை முதலில் கொடுத்துவிட்டால் விடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமே வராது.

தேர்வில் பட்டையைக் கையில் கொடுத்தால் அது ஏமாற்று வேலை ஆகாதா?

எதைச் சோதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எது பெரிது என்று யோசிக்கத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி என்றால், பட்டை கண்ணாடி மாதிரி. கண்ணாடி போட்டுப் படித்தவருக்கு யாராவது மதிப்பெண் குறைக்கிறோமா? இருபது கணக்கு வேண்டாம், ஆறு போதும். எழுத முடியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், பேச முடியாத பிள்ளை சைகையிலோ அட்டையை எடுத்து வைத்தோ காட்டட்டும். நேரம் கூடக் கொடுங்கள். தசமப் புள்ளியை மட்டும் கலர் சாக்பீஸில் பெரிதாக வையுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் புள்ளி பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

என் பிள்ளைக்குக் கணக்கே வரவில்லை. கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பின்னத்தில் தடுமாறுவதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள் அம்மா, எல்லாப் பிள்ளைகளும் அங்கே தடுமாறும். 0.35-ஐ 035 என்று பார்த்து எழுதினால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். காதையும். அதெல்லாம் சரியாக இருந்து, நாலாம் வகுப்பிலும் நாலு காயை எண்ணாமல் நாலு என்று சொல்ல முடியவில்லை, 7 பெரிதா 9 பெரிதா என்பதற்கே விரல் விட வேண்டியிருக்கிறது, எத்தனை பயிற்சி கொடுத்தும் நிற்கவில்லை என்றால், வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அடுத்த பரிசோதனைக்கு வழி சொல்வார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வைப்பது பள்ளியின் கடமை. இது யாரும் காட்டும் தயவு இல்லை, தயங்காமல் கேளுங்கள்.

நான் படிக்காதவள். வீட்டில் என்ன சொல்லித்தர முடியும்?

நிறைய. அரை லிட்டர் பால் பாக்கெட்டில் 500 என்று போட்டிருக்கும், பிள்ளையைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்குக் கூட்டிப்போய்த் தராசில் வரும் எண்ணைப் படிக்கச் சொல்லி, "இது காலா, அரையா?" என்று கேளுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனில் எவ்வளவு மிச்சம், பாதியா, காலா என்று கேனைப் பார்த்தே சொல்லட்டும், அப்புறம் அது எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடட்டும். தப்பாகச் சொன்னால் திட்டாமல், "எப்படிடா கண்ணு கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். அது சொல்லும் பதிலை அடுத்த நாள் டீச்சரிடம் வந்து சொல்லுங்கள். எங்களுக்கு அது ரொம்ப உதவும்.

டியூஷனில் குறுக்குப் பெருக்கல் சொல்லித்தந்துவிட்டார்கள். வகுப்பில் பட்டையைத் தொடமாட்டேன் என்கிறான்.

வற்புறுத்த வேண்டாம். அவனைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள், ஒரு நிபந்தனையோடு: பெருக்காமல், பட்டையை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். 3/8, 1/3 ஜோடியைக் கொடுங்கள். 9 சென்டிமீட்டரும் 8 சென்டிமீட்டரும். ஒரு சென்டி வித்தியாசத்தைக் காட்ட அவன் ஸ்கேலைத் தேடி எடுப்பான்.